பெரிய கிட் வரலாற்றைக் கையாள்வது எப்படி: லினக்ஸ் கெர்னலை வைத்து ஒரு வழிகாட்டி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிரல், கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் மென்பொருளான கிட்டுக்குள் வந்தது 2005 ஏப்ரல் 16 அன்று. அதற்கு முன் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. அதன் இலவச உரிமம் கைவிட்டுப் போனதால்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையே எழுதத் தொடங்கினார். கிட்டில் பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; அந்த முதல் கமிட்டின் செய்தியில் ஒரு முடிவையும் பதிவு செய்திருக்கிறார்: பழைய வரலாறு முழுவதும் கையில் இருக்கிறது, ஆனால் இப்போது சேர்க்கவில்லை; சேர்த்தால் ஏறத்தாழ 3.2 ஜிபி வரும். பிறந்து சில நாளே ஆன கிட் அதைச் சுமக்க வேண்டாம். வேண்டுமென்றால் பின்னால் தனிக் காப்பகமாகச் செய்துகொள்ளலாம்.

இன்று அதே ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியம்) 10 லட்சத்துக்கும் அதிகமான கமிட்டுகள் உள்ளன. அவற்றில் எதையும் யாரும் வெட்டி எறியவில்லை. நீண்ட காலம் ஓடும் ஒரு திட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வரலாறு பெரிதாக இருப்பது கோளாறு அல்ல. உங்கள் கணினிக்கு எவ்வளவு கொண்டுவருவது, அதில் தேடியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவைதான் கேள்விகள். வரலாற்றைத் திருத்தி எழுதுவது வேறு வழியே இல்லாதபோது செய்யும் வேலை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அது கடைசியில்தான் வருகிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஆப்ஷன் பெயர் ஒரு முழுச் சொல்லாக இருந்தால் முன்னால் இரண்டு சிறு கோடு, ஒற்றை எழுத்தாக இருந்தால் ஒரு கோடு.

முதலில் மூன்று சொற்கள்

கிட்டின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்று வகைப் பொருள்கள். கோப்பின் உள்ளடக்கம் பிளாப். எந்தக் கோப்புறையில் எந்தெந்தக் கோப்புகள் என்ற பட்டியல் ட்ரீ. யார், எப்போது, ஏன் மாற்றினார், இதற்கு முந்தைய நிலை எது என்ற தகவல் கமிட். எடை பெரும்பாலும் பிளாப்புகளில் இருக்கிறது. கமிட்டுகள் மிகச் சிறியவை.

உரைக் கோப்பு ஆயிரம் முறை மாறினாலும், ஒத்த பதிப்புகளை அருகருகே வைத்து வித்தியாசத்தை மட்டும் சேமித்து கிட் நன்றாகவே சுருக்கிவிடும். ஜிப், வீடியோ, பில்ட் செய்த (இயக்கத் தயாராக மாற்றிய) நிரல் போன்றவற்றில் இந்த உத்தி பலிக்காது. ஒவ்வொரு புதிய பதிப்பும் கிட்டத்தட்ட முழு எடையோடு உட்கார்ந்துகொள்ளும். கெர்னல் இருபது ஆண்டுகளாகத் தாக்குப்பிடிப்பதற்கு, அதில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் உரை என்பது ஒரு முக்கியக் காரணம். நேற்று தொடங்கிய ஒரு சின்னத் திட்டத்தில் நாலு பேர் வீடியோக்களைக் கமிட் செய்தால் சில மாதங்களிலேயே கெர்னலைவிடக் கனமாகிவிடலாம்.

குளோன் செய்யும் முன் யோசியுங்கள்

சர்வரில் இருக்கும் ரெப்போவை உங்கள் கணினிக்கு நகலெடுப்பதுதான் குளோன். எல்லோருக்கும் முழு வரலாறு தேவையில்லை. கமிட்டுகளைப் படிக்க வேண்டும், ஒரு திருத்தம் செய்து அனுப்ப வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது பிளாப் இல்லாத குளோன்: கிட் குளோன் கட்டளையோடு ஃபில்டர் என்ற ஆப்ஷனைச் சேர்த்து, அதன் மதிப்பாக பிளாப், முக்காற்புள்ளி, நன் என்று கொடுங்கள். கமிட்டுகளும் ட்ரீக்களும் முழுமையாக வந்துவிடும். பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் கேட்கும்போது வரும். கிட் லாக் பட்டியல் முழு வரலாற்றையும் காட்டும். பதிவிறக்க அளவோ வெகுவாகக் குறைந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. பழைய உள்ளடக்கத்தைத் துருவும் வேலைகள், குறிப்பாக ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேம், கமிட்டுகளுக்குள் சொல் தேடுவது போன்றவை, தேவையான பிளாப்புகளை ஒவ்வொன்றாக சர்வரிடம் கேட்டு வாங்கும். இணையம் மெதுவாக இருந்தால் பொறுமை போய்விடும். அப்படிப்பட்ட வேலையே உங்கள் அன்றாடம் என்றால் முழுக் குளோனே எடுத்துவிடுங்கள். கிட்டின் புதிய பதிப்புகளில் பேக்ஃபில் என்ற கட்டளை வந்திருக்கிறது. விடுபட்ட பிளாப்புகளை அது கொத்துக் கொத்தாக இறக்கித் தரும். முதலில் லேசாகத் தொடங்கிவிட்டுப் பின்னால் நிரப்பிக்கொள்ள அது உதவும்.

டெப்த் ஆப்ஷனில் 1 என்று கொடுத்து எடுக்கும் மேலோட்டக் குளோனைப் பலரும் முதலில் பரிந்துரைப்பார்கள். தானியங்கி பில்ட் சர்வருக்கு அது சரி: வந்தோம், பில்ட் செய்தோம், அழித்தோம். மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு அது ஒத்துவராது. நூலின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வந்தது போல, எந்த வரியைக் கேட்டாலும் அந்த ஒரே கமிட்டில்தான் எழுதப்பட்டது என்று கிட் பிளேம் சொல்லும். ஏற்கெனவே அப்படி எடுத்துவிட்டீர்களா? கவலையில்லை. கிட் ஃபெட்ச் கட்டளையோடு அன்ஷாலோ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மீதி வரலாறு வந்து சேரும்.

இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது, அவ்வளவாக யாருக்கும் தெரியாத வழி. கிட் குளோன் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். பல மணி நேர இறக்கம் தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோன வேதனையை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். இதற்காகவே கெர்னல் டாட் ஆர்க் தளம் முழு வரலாற்றையும் ஒற்றைக் கோப்பாக, பண்டில் என்ற வடிவத்தில் வைத்திருக்கிறது. அதை டபிள்யூகெட் போன்ற கருவியால், அறுந்தால் தொடரும் ஆப்ஷனோடு, இரவெல்லாம் நிதானமாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் கிட் பண்டில் வெரிஃபை என்று சரிபார்த்து, அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்து, ரிமோட் முகவரியை (கிட் எங்கிருந்து புதியதை எடுக்க வேண்டும் என்பதை) உண்மையான சர்வருக்கு மாற்றி, ஒருமுறை புல் செய்தால், அதாவது புதியதை இறக்கிச் சேர்த்தால் போதும். பண்டில் உருவான பிறகு வந்த சிறு பகுதி மட்டும் அப்போது இறங்கும். உங்கள் அலுவலக ரெப்போவுக்கும் இதையே செய்யலாம்: ஒருவர் கிட் பண்டில் கிரியேட் கொடுத்து உருவாக்கி, புதிதாகச் சேர்பவருக்குப் பென்டிரைவில் கொடுத்துவிடலாம்.

கெர்னலுக்கு மட்டும் இன்னொன்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டுமே கொண்ட இரட்டைக் கோப்புப் பெயர்கள் அதில் உண்டு, முக்கியமாக நெட்ஃபில்டர் பகுதியில். விண்டோஸிலும் மேக்கிலும் இயல்பான டிஸ்க் அமைப்பில் அவை ஒன்றோடொன்று மோதும். நீங்கள் எதையும் தொடாமலேயே கோப்புகள் மாறிவிட்டதாக கிட் ஸ்டேட்டஸ் காட்டும். லினக்ஸ் கணினியிலோ, எழுத்து வேறுபாட்டை மதிக்கும் தனிப் பிரிவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் கோப்புறையையும் சுருக்கலாம். கெர்னலின் ஆவணங்களில் மட்டும் வேலை செய்பவருக்கு எல்லா டிரைவர்களும் டிஸ்க்கில் விரிந்து கிடக்க வேண்டியதில்லை. கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட் என்று எழுதி, வேண்டிய கோப்புறைப் பெயரைக் கொடுத்தால் மற்றவை மறைந்துவிடும். 2020 ஜனவரியில் வந்த 2.25 பதிப்பு முதல் இது தனிக் கட்டளையாகவே இருக்கிறது. பில்ட் செய்ய வேண்டுமென்றால் கெர்னல் முழுவதும் தேவை, அப்போது டிஸேபிள் என்று கொடுத்து விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிராஞ்சுகளில் (தனித்தனியாக வளரும் கிளைகளில்) மாறி மாறி வேலை என்றால் இரண்டாவது குளோன் எடுக்காதீர்கள். கிட் வொர்க்ட்ரீ ஆட் கட்டளை ஒரே வரலாற்றைப் பகிர்ந்துகொண்டு இன்னொரு கோப்புறையை அமைத்துத் தரும்.

பின்னணிப் பராமரிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரெப்போவுக்குள் நின்று கிட் மெயின்டனன்ஸ் ஸ்டார்ட் என்று ஒருமுறை அடியுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் சர்வரில் புதிதாக வந்ததை முன்கூட்டியே எடுத்துவைப்பது, கமிட் கிராஃப் கோப்பைப் புதுப்பிப்பது, நாளுக்கொரு முறை சிதறிக் கிடக்கும் பொருள்களைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் பின்னணியில் நடக்கும். கமிட் கிராஃப் என்பது எந்தக் கமிட்டுக்கு எது முன்னோடி என்பதைத் தனியே எழுதிவைத்த அட்டவணை. அது இருந்தால் 10 லட்சம் கமிட்டுகளில் கிட் லாக் ஓடும் வேகத்தை நீங்களே உணர்வீர்கள். குறிப்பிட்ட கோப்புறையின் வரலாற்றை அடிக்கடி பார்ப்பவர்கள் கிட் கமிட்-கிராஃப் ரைட் கட்டளையோடு ரீச்சபிள், சேஞ்ச்டு-பாத்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

கிட் ஜிசி அக்ரெஸிவ் என்று வாரா வாரம் ஓட்டச் சொல்லும் அறிவுரையை நம்ப வேண்டாம். பெரிய ரெப்போவில் அது மணிக்கணக்கில் கணினியைப் பிடித்துக்கொள்ளும், பலன் பெரும்பாலும் சொற்பம்.

படிப்பது

கெர்னல் ரெப்போவைத் திறந்து வெறுமனே கிட் லாக் அடித்தால் கமிட்டுகள் கொட்டும், ஒன்றும் புரியாது. இப்படித் தொடங்குங்கள்: ஃபர்ஸ்ட்-பேரன்ட் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். லினஸ் தன் கிளையில் செய்த மெர்ஜ்கள், அதாவது மற்றவர்களின் கிளைகளைத் தன்னுடையதோடு இணைத்தவை, மட்டும் பெரும்பாலும் தெரியும். ஒவ்வொரு மெர்ஜிலும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் அனுப்பிய சுருக்கம் இருக்கும்: இந்த முறை நெட்வொர்க் பகுதியில் என்ன வந்தது, கோப்பு முறைமையில் எது மாறியது என்று. புதியவர் ஒரு வெளியீட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. பல திட்டங்களில் மெர்ஜ் செய்தியை யாரும் எழுதுவதில்லை, கருவி போட்ட வரியே அப்படியே கிடக்கும். அது பெரிய இழப்பு.

அடுத்தது இடத்தைச் சுருக்குவது. கிட் லாக், இரண்டு கோடு, இடைவெளி, கோப்புறைப் பெயர். அந்தக் கோப்புறையைத் தொட்ட கமிட்டுகள் மட்டும் வரும். இங்கேதான் பெயர் மாற்றம் ஏமாற்றும். கெர்னலில் எக்ஸ்86 கணினிகளுக்கான கோப்புறையின் வரலாற்றைப் பார்த்தால் 2007 அக்டோபரோடு பாதை நின்றுவிடும். எக்ஸ்86 அன்று பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு கோப்புறைகளை அப்போதுதான் ஒன்றாக்கினார்கள், 2.6.24 வெளியீட்டுக்காக. அதற்கு முந்தைய கதை ஐ386, எக்ஸ்86_64 என்ற பழைய பெயர்களில் இருக்கிறது. தனிக் கோப்பு என்றால் ஃபாலோ ஆப்ஷன் பெயர் மாற்றத்தைத் தாண்டிச் செல்லும். கோப்புறைக்கு அது உதவாது, பழைய பாதையை நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

ஒரு வரியை எழுதியது யார் என்பதற்கு கிட் பிளேம். ஆனால் பழைய திட்டங்களில் பிளேம் பெரும்பாலும் தவறான ஆளைக் காட்டும்: யாரோ ஒருவர் இடைவெளிகளைச் சீரமைத்த கமிட் எல்லா வரிகளுக்கும் சொந்தம் கொண்டாடி நிற்கும். இடைவெளி மாற்றத்தை ஒதுக்க சிறிய டபிள்யூ, வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளின் பூர்வீகத்தைத் தேட பெரிய சி. இதற்கும் மசியாத வடிவச் சீரமைப்புக் கமிட்டுகளின் முழு ஹாஷ்களை (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் தரும் நீண்ட அடையாளக் குறியீடு) ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, பிளேமின் இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிடுங்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அந்தக் கோப்பை ரெப்போவிலேயே கமிட் செய்துவிட்டால் குழு முழுவதற்கும் பயன்படும்.

பிளேம் காட்டுவது இப்போது இருக்கும் வரிகளை மட்டும். காணாமல் போன வரியைத் தேட கிட் லாக்கில் பெரிய எஸ் ஆப்ஷன். ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளைத் தரும். அதாவது அது புதிதாக நுழைந்த இடமும் நீக்கப்பட்ட இடமும். பெரிய ஜி ஆப்ஷன் கொஞ்சம் வேறு: மாறிய வரிகளில் அந்தச் சொல் இருந்தாலே காட்டிவிடும், அதனால் பட்டியல் நீளமாக வரும். ஒரு ஃபங்ஷனின் கதை முழுவதும் வேண்டுமென்றால் பெரிய எல். முக்காற்புள்ளி, ஃபங்ஷன் பெயர், மறுபடி முக்காற்புள்ளி, கோப்பின் பாதை என்று கொடுத்தால் அந்த ஃபங்ஷன் மட்டும் கமிட் கமிட்டாக எப்படி வளர்ந்தது என்று காட்டும். புதிய பிராசஸ் உருவாகும் இடமான ஃபோர்க் கோப்பில் உள்ள காப்பி பிராசஸ் ஃபங்ஷனை இப்படி ஒருமுறை படித்துப் பாருங்கள். எத்தனை பாதுகாப்புச் சோதனைகள் எத்தனை காரணங்களுக்காக அதில் சேர்ந்திருக்கின்றன என்று தெரியவரும்போது, பழைய நிரலைப் பார்த்து ‘இது எதற்கு, தூக்கிவிடலாம்’ என்று சொல்லும் அவசரம் அடங்கிவிடும்.

பைசெக்ட்

நீண்ட வரலாறு தரும் மிகப் பெரிய பலன் இதுதான். முன்பு ஒழுங்காக ஓடியது, இப்போது ஓடவில்லை, எந்த மாற்றத்தில் உடைந்தது? கெர்னலின் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்பது பத்து வாரம். அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்காத காரியம். பாதியாகப் பாதியாகப் பிரித்துச் சோதித்தால் 16,000 கமிட்டுகளுக்கு 14 சோதனை போதும். 10 லட்சத்துக்கே 20தான்.

கிட் பைசெக்ட் ஸ்டார்ட் என்று தொடங்குங்கள். இப்போதைய நிலைக்கு பேட், நன்றாக இருந்த டேக்குக்கு (ஒரு வெளியீட்டின் கமிட்டுக்கு வைத்த பெயர்) குட். கிட் நடுவில் ஒரு கமிட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பில்ட் செய்து, சோதித்து, குட் அல்லது பேட் சொல்லுங்கள். பில்டே ஆகவில்லை என்றால் ஊகித்துச் சொல்லக் கூடாது, ஸ்கிப். ஒரு தவறான பதில் உங்களை முற்றிலும் வேறொரு கமிட்டில் கொண்டுபோய் விட்டுவிடும், தேடல் முடியும்வரை அது தெரியவும் தெரியாது. அதனால் சோதனை நிச்சயமானதாக இருக்க வேண்டும். சில சமயம் மட்டும் வரும் பிழை என்றால், குட் சொல்வதற்கு முன் பலமுறை ஓட்டிப் பாருங்கள்.

பிழை எந்தப் பகுதியில் என்று உறுதியாகத் தெரிந்தால் தொடங்கும்போதே கோப்புறைப் பெயரைக் கொடுத்துச் சோதனைகளைக் குறைக்கலாம். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுத முடிந்தால் பைசெக்ட் ரன் என்று கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஸ்கிரிப்ட் 0 தந்தால் நல்லது, 125 தந்தால் தாண்டு, 1 முதல் 127 வரையான மற்றவை கெட்டது. எங்கோ தவறிவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் பைசெக்ட் லாக்கைக் கோப்பாகச் சேமித்து, தவறான வரியை நீக்கி, ரீப்ளே செய்யலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

பைசெக்ட் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கமிட்டும் பில்ட் ஆக வேண்டும். பல பகுதிகளாக அனுப்பும் மாற்றத்திலும் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் கெர்னல் பில்ட் ஆகி ஓட வேண்டும் என்பது கெர்னலின் எழுதப்பட்ட விதி. இந்த விதி இல்லாத திட்டத்தில் பைசெக்ட் பாதி இடங்களில் ஸ்கிப்பில் சிக்கிக்கொள்ளும். நீங்கள் சேரும் குழுவில் அப்படி ஒரு பழக்கம் இல்லையென்றால், கேட்டுப் பெற வேண்டிய முதல் மாற்றம் அதுதான் என்பேன்.

பழைய வரலாற்றை ஒட்டவைப்பது

2005க்கு முந்தைய காலம் என்ன ஆயிற்று? லினஸ் சொன்னபடியே தனிக் காப்பகம் வந்தது. கெர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளெய்க்ஸ்னர் பிட்கீப்பர் காலத்து வரலாற்றைக் கிட்டாக மாற்றி கெர்னல் டாட் ஆர்க்கில் வைத்தார். அதை உங்கள் குளோனில் இன்னொரு ரிமோட்டாகச் சேர்த்து ஃபெட்ச் செய்யுங்கள். பிறகு கிட் ரீப்ளேஸ் கட்டளையில் கிராஃப்ட் ஆப்ஷன்: உங்கள் ரெப்போவின் முதல் கமிட்டுக்கு, அதாவது 2.6.12-ஆர்சி2 டேக் நிற்கும் இடத்துக்கு, பழைய காப்பகத்தில் அதற்கு இணையான கடைசிக் கமிட்டைப் பெற்றோராகச் சொல்லுங்கள். அவ்வளவுதான். கிட் லாக்கும் பிளேமும் 2002 வரை தொடர்ந்து ஓடும். எந்தக் கமிட்டின் ஹாஷும் மாறவில்லை. இந்த ஒட்டு உங்கள் கணினியில் மட்டும் இருக்கும், சாதாரணமாகப் புஷ் செய்தால் (சர்வருக்கு அனுப்பினால்) வெளியே போகாது.

கிட்டுக்கு முன்பே இருந்த எஸ்விஎன் என்ற மென்பொருளிலிருந்து கிட்டுக்கு மாறும் பழைய அலுவலகத் திட்டங்களுக்கு இந்த வழி மிகப் பொருத்தம். வரலாற்றை மாற்றும் வேலை முடியும்வரை காத்திருக்காமல் இன்றைய நிலையிலிருந்து புதிய ரெப்போ தொடங்கலாம். பழையதை நிதானமாக மாற்றித் தனியே வைக்கலாம். வேண்டியவர் ஒட்டிக்கொள்வார்.

நாளைக்குப் படிப்பவருக்காக

கமிட் எழுதும்போது கெர்னலின் ஒரு வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிழையைத் திருத்தினால், அந்தப் பிழையை நுழைத்த கமிட்டின் ஹாஷையும் தலைப்பையும் செய்தியின் அடியில் ஃபிக்ஸஸ் என்ற வரியாகச் சேர்ப்பார்கள். ஹாஷில் குறைந்தது 12 எழுத்து வேண்டும். பொருள்கள் பெருகப் பெருக, 7 எழுத்துச் சுருக்கம் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் குறிக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் இந்த நீளம். பழைய நிலைத்த வெளியீடுகளைப் பராமரிப்பவர்கள், தங்கள் கிளைக்கு எந்தத் திருத்தம் தேவை என்று கண்டுபிடிக்க இந்த வரி பெரிதும் உதவுகிறது.

கோப்பின் பெயரை மாற்றுவதும் அதன் உள்ளே திருத்துவதும் இரண்டு தனிக் கமிட்டுகளாக இருக்கட்டும். கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதில்லை. இரண்டு கோப்புகளுக்கும் பாதிக்கு மேல் ஒற்றுமை இருந்தால் பெயர்தான் மாறியது என்று பின்னால் ஊகிக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அந்த ஊகம் தவறலாம், வரலாறு அங்கே அறுந்துபோகலாம்.

வேறு வழியில்லாமல் திருத்தி எழுதும்போது

முதலில் எடை எங்கே என்று பாருங்கள். கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையோடு சிறிய வி ஆப்ஷனைச் சேர்த்தால் மொத்த அளவைச் சொல்லும். கிட்-சைசர் என்ற கருவி எந்த வகையில் ரெப்போ வீங்கியிருக்கிறது என்று காட்டும். கிட் ஃபில்டர்-ரெப்போவை அனலைஸ் ஆப்ஷனோடு ஓட்டினால், எதையும் மாற்றாமல், எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, எந்த வகை நீட்டிப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அறிக்கை தரும், அழிக்கப்பட்ட கோப்புகள் உட்பட. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது: கோப்பை அழித்துக் கமிட் செய்தால் ரெப்போ சிறிதாகாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும்.

இனி வரப்போகும் பெரிய கோப்புகளுக்கு கிட் எல்எஃப்எஸ் போதும். உள்ளடக்கம் வேறு இடத்தில் சேரும், ரெப்போவில் ஒரு சிறு குறிப்பு மட்டும் நிற்கும். அதை இன்று அமைத்ததால் நேற்றைய எடை குறையாது. நேற்றையதை எடுக்க வேண்டுமென்றால் வரலாற்றைத் திருத்தத்தான் வேண்டும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை என்பதால் பலர் இந்தக் கட்டத்துக்கு முதன்முதலில் வந்து சேர்வது அங்கேதான்.

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ கமிட் ஆகிவிட்டது என்றால் வரலாற்றைத் தொடும் முன் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள். அதுதான் அவசரம். ஒருமுறை வெளியே போனது யாருடைய குளோனில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

திருத்துவது என்று முடிவான பின், ஃபில்டர்-பிராஞ்ச் என்ற பழைய கட்டளையை எடுக்காதீர்கள். கிட்டின் சொந்த ஆவணமே அதற்குப் பதில் ஃபில்டர்-ரெப்போவைத்தான் சொல்கிறது. மாற்றிய கமிட்டும் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கமிட்டுகளும் புது ஹாஷ் பெறும், கையொப்பங்கள் செல்லாமல் போகும், பிழைப் பட்டியலிலும் மின்னஞ்சல்களிலும் எழுதிவைத்த பழைய ஹாஷ்கள் எதையும் சுட்டாது. கெர்னலின் முதன்மைக் கிளையை ஒருபோதும் இப்படித் திருத்தாததற்கு இது போதுமான காரணம்: உலகம் முழுக்க எத்தனையோ கிளைகளும் பாதுகாப்பு அறிக்கைகளும் அந்த ஹாஷ்களை நம்பி இருக்கின்றன.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது. குழுவுக்கு முன்கூட்டியே தேதி சொல்லி, கையில் உள்ளதை எல்லாம் புஷ் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சர்வரில் புஷ்ஷை நிறுத்துங்கள். மிரர் ஆப்ஷனோடு ஒரு முழு நகல் எடுத்துத் தனி டிஸ்க்கில் வையுங்கள். புதிதாக எடுத்த இன்னொரு குளோனில் ஃபில்டர்-ரெப்போவை ஓட்டுங்கள். குறிப்பிட்ட கோப்புகளை நீக்க பாத் ஆப்ஷனோடு இன்வர்ட்-பாத்ஸ், அளவை வைத்து நீக்க ஸ்ட்ரிப்-பிளாப்ஸ்-பிக்கர்-தேன், சாவிகளை மறைக்க ரீப்ளேஸ்-டெக்ஸ்ட். முடிந்ததும் பில்ட் செய்து, கடைசிச் சில வெளியீடுகளின் டேக்குகளைப் பழைய நகலோடு ஒப்பிட்டு, நீங்கள் நீக்கியவை தவிர வேறெதுவும் மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். கருவி ஆரிஜின் ரிமோட்டை வேண்டுமென்றே நீக்கியிருக்கும். அதைத் திரும்பச் சேர்த்து, எல்லாக் கிளைகளையும் டேக்குகளையும் ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள். பழைய ஹாஷுக்குப் புதிய ஹாஷ் எது என்ற பட்டியலைக் கருவி கமிட்-மேப் என்ற கோப்பில் வைத்திருக்கும். அதை எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் போட்டுவையுங்கள், பிழைப் பட்டியலில் பழைய ஹாஷைப் பார்ப்பவருக்கு அது ஒன்றே வழி.

பிறகு எல்லோரும் பழைய குளோனை ஓரம் வைத்துவிட்டு மறுபடி குளோன் செய்ய வேண்டும். புல் செய்தால் போதும் என்று ஒருவர் நினைத்து, பழைய கிளையோடு மெர்ஜ் செய்து புஷ் செய்தால், நீக்கிய அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிடும். விடுப்பில் இருந்தவர், பழைய மடிக்கணினியைத் திறந்தவர் என்று யாரிடமிருந்தும் இது வரலாம். அதனால் சர்வர் உங்கள் கையில் இருந்தால், புஷ்ஷை நிறுத்திவைத்ததைத் திறக்கும் முன், பழைய வரலாற்றின் கமிட்டுகளைக் கொண்டுவரும் புஷ்ஷை மறுக்கும் ஒரு ப்ரீ-ரிசீவ் ஹூக்கை (புஷ்ஷை ஏற்கும் முன் சர்வரில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) அங்கே போட்டுவிடுங்கள்.